சென்னை வெயிலில் கெக்கோ முட்டை: வீட்டிலேயே பொரிக்க வைக்கும் முறை

கெக்கோ என்னும் பல்லி வகையின் முட்டையைப் பொரிக்க வைப்பது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. முட்டைக்கு எப்படிச் சூடு கொடுப்பது என்பதுதான் அவற்றின் முழுக் கவலை. சென்னையில் அந்தக் கவலை மார்கழி, தை மாத ராத்திரிகளோடு முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் நமக்குள்ள சிக்கல் நேர் எதிரானது. ஹீட்டரும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் மட்டும் உள்ள ஒரு பெட்டி, அது வைக்கப்பட்ட அறையைவிடக் குளிராக ஒருநாளும் இருக்காது. 29 டிகிரி என்று திருப்பி வைத்தாலும் அறை 34 டிகிரி என்றால் பெட்டியும் 34தான். கத்திரி வெயிலில் முட்டைகள் கெட்டுப்போவதற்கு இதுதான் முதல் காரணம். பலர் அதைக் கவனிக்காமல் 'முட்டையில் கரு இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இங்கே சொல்லப்போவது முக்கியமாக லெப்பர்ட் கெக்கோவைப் பற்றி. வீட்டில் வளர்ப்பவர்களிடம் அதிகம் இருப்பது அதுதான், புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்றதும் அதுதான். ஆப்பிரிக்கன் ஃபேட் டெயில் கெக்கோவுக்கும் ஏறக்குறைய இதே முறை பொருந்தும். கிரெஸ்டட் கெக்கோவின் கதை வேறு, அதைப் பிறகு பார்ப்போம்.

முட்டையும் அதன் தோலும்

நம் வீட்டுச் சுவர்ப்பல்லியின் முட்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அலமாரிக்குப் பின்னால், ஸ்விட்ச் போர்டு இடுக்கில், கடலை அளவில் வெள்ளையாக இரண்டு. அது சுண்ணாம்பு ஓடு. கெட்டியாக இருக்கும், கீழே விழுந்தால் நொறுங்கும், வெளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சாது. லெப்பர்ட் கெக்கோ முட்டை அப்படியல்ல. ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளம், தோல்போன்ற மெல்லிய உறை. சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளுக்கு நாள் பருக்கும். சுற்றிலும் காய்ந்திருந்தால் தன் நீரை இழந்து சுருங்கும். ஆகவே இந்த முட்டைக்குக் காற்றில் ஈரம் இருந்தால் மட்டும் போதாது, அது உட்காரும் படுகையிலும் ஈரம் வேண்டும். கெட்டி ஓட்டு முட்டை இடும் டோக்கே, டே கெக்கோ வகைகளுக்குச் சொல்லப்பட்ட குறிப்பை இதற்குப் பயன்படுத்தினாலோ, இதற்குரியதை அவற்றுக்குப் பயன்படுத்தினாலோ முட்டை வீணாகும்.

இன்னொரு வித்தியாசம் கோழி முட்டையோடு. கோழி முட்டையை ஒரு நாளைக்குப் பல முறை புரட்டவேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பல்லி இன முட்டையில் கரு ஒட்டிக்கொள்வதுதான் இயல்பு. முட்டை இட்ட முதல் நாளுக்குள் கரு மேல்பக்கமாக நகர்ந்து உறையின் உட்பக்கத்தில் இடம்பிடித்துவிடும். அதற்குப் பிறகு முட்டையைக் குப்புறக் கவிழ்த்தால் மஞ்சள் கருவின் எடை கருவின் மேல் விழும், சவ்வுகள் கிழியும். எடுத்தவுடனே மென்மையான பென்சிலால் மேல்பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம், அதன் கரைப்பான் உறைவழியாக உள்ளே இறங்கும். தேதி, தாயின் பெயர் எல்லாம் டப்பாவின் மூடியில் எழுதினால் போதும்.

ஜோடி சேர்ப்பதற்கு முன்

சில விஷயங்களை முன்கூட்டியே முடிவுசெய்யாமல் இதில் இறங்கக்கூடாது. ஒரு பெண் ஒரு பருவத்தில் நாலு முதல் எட்டு ஈடு வரை இடலாம், ஈட்டுக்கு இரண்டு முட்டை. ஒரு முறை சேர்ந்தாலே விந்தணுவைச் சேமித்துவைத்து அடுத்தடுத்த ஈடுகளையும் கருவுள்ளதாகவே இடும். 'ஒரே ஒரு தடவைதான் சேர விட்டோம்' என்பவர் வீட்டிலும் வருட முடிவில் பத்துக் குட்டி இருக்கும். அத்தனையையும் தனித்தனிப் பெட்டியில் வளர்க்க இடமும் இரையும் இல்லையென்றால், முட்டை இட்ட அன்றே அவற்றை ஃப்ரீசரில் வைத்துவிடுவது நேர்மையான வழி. குட்டிகளை வெளியே விடுவது சட்டப்படியும் தவறு, இங்குள்ள உயிர்களுக்கும் கேடு.

பெண்ணுக்கு ஒரு வயது தாண்டியிருக்கவேண்டும், எடை குறைந்தது 45-50 கிராம், வால் கழுத்தைவிடத் தடிமனாக இருக்கவேண்டும். முட்டையின் உறைக்கான கால்சியம் அவள் எலும்பிலிருந்துதான் போகிறது. இரையில் கால்சியம் பொடி தூவாமல் வளர்த்த பெண்ணிடமிருந்து மெல்லிய உறை முட்டையும், தாடை வளைந்த தாயும்தான் மிஞ்சும். வண்ண வகைகளில் எனிக்மா, லெமன் ஃப்ராஸ்ட் இரண்டையும் இனப்பெருக்கத்துக்கு எடுக்கவே வேண்டாம். முதலாவதில் தலைசுற்றலும் தடுமாற்றமும் தரும் நரம்புக் கோளாறு பரம்பரையாக வருகிறது. இரண்டாவதில் தோல்நிறச் செல்களில் கட்டி வருவதும் அந்த நிறமும் ஒரே மரபுப் பகுதியோடு பிணைந்தவை என்று 2021-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

சட்டம்: 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டபோது, சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்கள் நாலாம் அட்டவணைக்குள் வந்தன. அவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்யவேண்டும், குட்டி பிறந்தாலும் தெரிவிக்கவேண்டும். நம் நாட்டுக் காடுகளில் வாழும் கெக்கோக்களைப் பிடித்து வளர்ப்பது அறவே கூடாது. லெப்பர்ட் கெக்கோவின் நெருங்கிய உறவினங்கள் இந்தியாவிலேயே இருப்பதால், உங்களிடம் இருப்பது எந்த இனம், கூண்டில் பிறந்ததற்கு என்ன காகிதம் என்பதெல்லாம் முக்கியம். ஜோடி சேர்ப்பதற்கு முன்பே வனத்துறையின் வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

முட்டை இடும் டப்பா

சேர்ந்து மூன்று, நாலு வாரத்தில் பெண்ணின் அடிவயிற்றில் இருபுறமும் இரண்டு வெளிறிய நீள்வட்டங்கள் தோல்வழியே தெரியும். அப்போது ஒரு லிட்டர் ஐஸ்க்ரீம் டப்பாவின் பக்கவாட்டில் அவள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே 6-8 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரமான தேங்காய்நார்த் தூள் நிரப்பி வையுங்கள். தோண்டினால் குழி இடிந்து விழாத அளவு ஈரம் வேண்டும். தினமும் காலையில் ஒரு முறை பார்த்தால் போதும். வயிறு திடீரென ஒட்டிப்போயிருந்தால் இட்டுவிட்டாள் என்று அர்த்தம். கரண்டியால் தோண்டவேண்டாம், விரலாலேயே மெல்ல ஒதுக்குங்கள். இரண்டு முட்டையும் ஒட்டியிருந்தால் பிரிக்காமல் அப்படியே வைக்கலாம்.

நாள்கணக்கில் தோண்டிக்கொண்டே இருந்தும் இடாமல், இரையும் எடுக்காமல் சோர்ந்துபோனால் அது முட்டை சிக்கிக்கொண்டதன் அறிகுறி. வீட்டு வைத்தியம் செய்யும் இடம் அதுவல்ல. வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய தனி மருத்துவரைத் தெரிந்தால் இன்னும் நல்லது.

படுகை

ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்தான் தொடங்குபவருக்குச் சரி. மாடித்தோட்டப் பொருள் விற்கும் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும். தூளாக இல்லாமல் நடுத்தரப் பருமனில் வாங்குங்கள். உரம் கலந்த பாக்கெட்டை எடுக்காதீர்கள். அதேபோன்ற வெள்ளைத் துகளான பெர்லைட்டும் பயன்படும். தேங்காய்நார்த் தூள் இட வைக்க நல்லது, பொரிக்க வைக்க அவ்வளவு நல்லதல்ல, இந்த ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

அளவு எடைக்கணக்கு, கொள்ளளவுக் கணக்கு அல்ல. 100 கிராம் காய்ந்த வெர்மிகுலைட்டுக்கு 80 முதல் 100 கிராம் தண்ணீர். சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். தண்ணீர் ஆர்.ஓ. அல்லது கொதித்து ஆறியதாக இருக்கட்டும். பல பகுதிகளில் வரும் உப்பு போர்வெல் தண்ணீர் ஆகாது: படுகையில் உப்பு சேரச்சேர, முட்டை தண்ணீரை உறிஞ்சுவது கடினமாகிறது. கலந்த பின் புட்டு மாவைச் சோதிப்பதுபோலக் கைப்பிடியில் இறுக்கிப் பாருங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், தட்டினால் உதிரவேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகினால் அதிகம்.

மூடியுள்ள அரை லிட்டர் பிளாஸ்டிக் பார்சல் டப்பாவில் 4-5 சென்டிமீட்டர் உயரத்துக்கு இதை நிரப்பி, விரலால் குழி செய்து, முட்டையைப் பாதி புதைந்தும் பாதி வெளியே தெரியுமாறும் வையுங்கள். முட்டைக்கு முட்டை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. மூடியில் குண்டூசியால் மூன்று, நாலு துளை. வாரத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து அரை நிமிடம் காற்று மாறவிட்டால் போதும். சென்னைக் காற்றில் ஈரப்பதம் எவ்வளவு என்பதைப் பற்றி இனிக் கவலைப்படவேண்டாம், டப்பாவுக்குள் அது தனி உலகம். ஏசி அறையில் வைப்பவர்கள் மட்டும் துளைகளை இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாம்.

ஈரம் குறைகிறதா என்று கண்ணால் பார்த்து ஊகிப்பதைவிட ஒரு சுலபமான வழி உண்டு. முட்டை வைத்து மூடியவுடன் மொத்த டப்பாவையும் எடைபோட்டு மூடியில் எழுதிவிடுங்கள். முட்டை படுகையிலிருந்து நீரை உறிஞ்சினாலும் மொத்த எடை மாறாது. மாறுவது ஆவியாகி வெளியே போன நீரால் மட்டுமே. வாரம் ஒரு முறை எடைபோட்டு எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை மில்லி தண்ணீரை, டப்பாவின் மூலையில், முட்டைமேல் படாமல் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும், பிரிட்ஜ் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

சூடும் ஆண்-பெண்ணும்

லெப்பர்ட் கெக்கோவில் ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்வது முட்டை இருக்கும் சூடு. மனிதர்போல எக்ஸ், ஒய் குரோமோசோம் கணக்கு இங்கே இல்லை. 26 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய எல்லாமே பெண். 30-ல் பெண்கள் அதிகம், ஆண்கள் கொஞ்சம். 32.5-ல் பெரும்பாலும் ஆண். அதற்கு மேல் 34-க்குப் போனால் மறுபடியும் பெரும்பாலும் பெண்தான், ஆனால் அந்தப் பெண்கள் சண்டைக்காரிகளாக இருப்பதும், முட்டை இடுவதில் பின்தங்குவதும் உண்டு. 35-ஐத் தாண்டினால் முதுகெலும்பு வளைவு, இமை சரியாக அமையாமை, உள்ளேயே இறப்பு என்று போகும். முடிவு நிகழ்வது அடைகாலத்தின் முற்பகுதியில். கடைசி வாரங்களில் சூட்டை மாற்றி ஆணைப் பெண்ணாக்க முடியாது.

காலக்கணக்கும் சூட்டைப் பொறுத்ததே. 26-27 டிகிரியில் 60 முதல் 70 நாள். 28-29-ல் 50 முதல் 60. 31-32-ல் 40 முதல் 45. நாள் கூடினால் பதறவேண்டாம். மெதுவாக வளர்ந்த குட்டி பொதுவாகப் பெரிதாகவும் வலுவாகவும் வரும்.

எங்கள் பரிந்துரை முதல் முறைக்கு 28 டிகிரி. பெரும்பாலும் பெண்தான் வரும், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை: பெண்களை வளர்ப்பது எளிது, ஆண்கள் இரண்டு பேரை ஒன்றாக வைக்கவே முடியாது. அதைவிட முக்கியம், 28-லிருந்து மேலே ஆபத்தான எல்லைக்கு ஆறு டிகிரி இடைவெளி இருக்கிறது. 32-ல் வைத்தவருக்கு அது இரண்டு டிகிரிதான். இந்த ஊரில் ஒரு மின்வெட்டு மதியத்துக்கு இரண்டு டிகிரி எந்த மூலைக்கு? கீழே இறங்குவதில் இவ்வளவு ஆபத்து இல்லை. ஓரிரு நாள் 23, 24-க்குப் போனாலும் கரு மெதுவாகும், சாகாது.

மாதம் பார்த்து வையுங்கள்

சென்னையில் டிசம்பர், ஜனவரியில் பகல் 29-ஐ ஒட்டியும் இரவு 21, 22-ஐ ஒட்டியும் இருக்கும். வீட்டுக்குள், மூடிய மர அலமாரியின் நடுத்தட்டில், 25-க்கும் 28-க்கும் இடையே பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் நிற்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை எந்த இயந்திரமும் இல்லாமல் டப்பாவை அலமாரியில் வைத்தே பொரிக்க வைக்கலாம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, இன்குபேட்டர் இல்லாமல் எப்படி என்பார்கள். முட்டைக்கு இயந்திரம் தேவையில்லை, சூடுதான் தேவை. ஐப்பசி முதல் தை வரை முட்டை வருமாறு ஜோடி சேர்ப்பைத் திட்டமிட முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

மார்ச் முதல் கதை மாறும். மே மாதத்தில் பகல் 37, 38, இரவுகூட 28-க்குக் கீழே இறங்காது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடுகளில் கான்கிரீட் கூரை இரவெல்லாம் சூட்டைக் கக்கும். அறைக்குள் ராத்திரி பதினோரு மணிக்கும் 33, 34 இருக்கும். இரவில் மட்டும் ஏசி போடும் அறையில் வைப்பது தீர்வு அல்ல. ராத்திரி 25, மதியம் 35 என்று தினமும் பத்து டிகிரி ஊசலாடும். அதற்குப் பதில் தரைத்தள வீட்டின் உள் அறையே மேல். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வைக்கவேண்டும் என்றால் குளிர்விக்கும் வசதி கட்டாயம்.

பெட்டி கட்டுவது

மழை, பனி மாதங்களுக்கு: மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்று. சிந்தாதிரிப்பேட்டையிலோ காசிமேட்டிலோ வாங்கினால் சோப்புத்தண்ணீரில் இரண்டு முறை கழுவி வெயிலில் காய வையுங்கள், மீன் வாடைக்கு எறும்பு வரும். உள்ளே 8-10 சென்டிமீட்டர் தண்ணீர், அதில் முழுகிய 25 அல்லது 50 வாட் மீன்தொட்டி ஹீட்டர், தண்ணீருக்கு மேலே செங்கல் அடுக்கி ஒரு கம்பித் தட்டு, தட்டின்மேல் முட்டை டப்பாக்கள். தண்ணீர்தான் இங்கே சூட்டைத் தாங்கி நிற்பது: மின்சாரம் போனாலும் மணிக்கணக்கில் மெதுவாகத்தான் ஆறும். ஹீட்டர் கொளத்தூர் மீன் கடைகளில் கிடைக்கும், தெர்மோஸ்டாட் ரிச்சி ஸ்ட்ரீட்டில்.

கோடைக்கு: பெல்டியர் தகட்டில் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும் தகடு) ஓடும் சின்னக் கார் பிரிட்ஜ், ஆறு முதல் பத்து லிட்டர். சாதாரண பிரிட்ஜ் வேண்டாம், கம்ப்ரஸர் அடிக்கடி நின்று ஓடினால் கெடும், குளிரும் அளவுக்கு மீறி இறங்கிவிடும். பெல்டியர் வகை அறையைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைக்கும், அது போதும். பல மாடல்களில் சூடேற்றும் பொத்தானும் உண்டு, ஆனால் அதை நம்பாமல் வெளித் தெர்மோஸ்டாட்டில் இணைப்பதே சரி.

தெர்மோஸ்டாட்டுக்கு எஸ்.டி.சி. 1000 மாடலே போதுமானது. 220 வோல்ட், சூடேற்ற ஒன்று குளிர்விக்க ஒன்று என்று இரண்டு ரிலே (தானே இயங்கும் ஸ்விட்ச்). எஃப்1 வேண்டிய சூடு, எஃப்2 எத்தனை டிகிரி விலகினால் இயங்கவேண்டும் என்பது, எஃப்3 குளிர்விப்புக்கான தாமதம், எஃப்4 அளவுத் திருத்தம். எஃப்1-ஐ 28, எஃப்2-ஐ 0.5 என்று வையுங்கள். இதன் முனைகள் திறந்தவை, வீட்டு மின்சாரம் நேராக ஓடுபவை. பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, ஃபியூஸ் போட்டு, எலக்ட்ரீஷியன் கையால் இணைக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே தண்ணீர் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

சென்சார் முனை எங்கே இருக்கிறது என்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். தண்ணீருக்குள் வைத்தால் தண்ணீரின் சூடுதான் தெரியும், பெட்டிச் சுவரில் ஒட்டினால் சுவரின் சூடு. முட்டை இல்லாத ஒரு டப்பாவில் அதே வெர்மிகுலைட்டை நிரப்பி, முட்டை இருக்கவேண்டிய ஆழத்தில் முனையைப் புதைத்து, அந்த டப்பாவை மற்றவற்றின் நடுவே வையுங்கள். முதலில் சென்சாரைச் சோதித்துவிடுங்கள்: நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் 0 காட்டவேண்டும். இரண்டு டிகிரி பிழை காட்டும் முனைகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன, எஃப்4-ல் திருத்திக்கொள்ளலாம்.

ரிலே சில நேரம் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு ஹீட்டரை அணைக்காமல் விட்டுவிடும். அதற்கு ஒரு தற்காப்பு: மீன்தொட்டி ஹீட்டரிலேயே ஒரு திருகு இருக்கும், அதை 30-ல் வைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் தவறினாலும் ஹீட்டர் தானாக அங்கே நிற்கும். முட்டை வருவதற்கு முன்பே மூன்று நாள் காலியாக ஓட்டி, அதிகபட்சம்-குறைந்தபட்சம் நினைவில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரால் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். ஒரு டிகிரிக்குள் நின்றால் பெட்டி தயார்.

மூடியின் உட்புறத்தில் நீராவி சேர்ந்து சொட்டும். முட்டை டப்பாவின் மூடியில் விழுந்தால் பரவாயில்லை, ஆனால் குண்டூசித் துளைவழியே உள்ளே இறங்கக்கூடாது. பெட்டியை ஒரு பக்கம் சற்றே தூக்கி வைத்தால் சொட்டு ஓரமாக ஓடிவிடும்.

மின்வெட்டு குளிர்மாதத்தில் ஒரு பொருட்டே அல்ல. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை; அந்தச் சூழலிலும் அலமாரியில் மூடிவைத்த முட்டைக்கு ஆபத்தில்லை. மே மாத மதியம்தான் ஆபத்து. பெல்டியர் பிரிட்ஜ் எடுப்பது 50, 60 வாட்தான், வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓடும். அதுவும் இல்லையென்றால் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, டப்பாவைத் தொடாமல் பெட்டியின் மூலையில் வைத்து மூடுங்கள்.

என்ன கெடுகிறது, ஏன்

முதல் வாரக் கடைசியில் இருட்டறையில் செல்போன் டார்ச்சை முட்டையின் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், முட்டையைத் தூக்காமலே. உள்ளே இளஞ்சிவப்பும் மெல்லிய ரத்த நாளங்களும் வட்டமாகத் தெரிந்தால் கரு வளர்கிறது. முழுக்க மஞ்சளாகவே ஒளிர்ந்தால் பெரும்பாலும் கருவில்லை. ஆனாலும் உடனே எறியவேண்டாம், இன்னொரு வாரம் பொறுத்துப் பாருங்கள். நல்ல முட்டை சுண்ணாம்பு வெள்ளையாக, விரலுக்கு விறைப்பாக இருக்கும். தினமும் டார்ச் அடித்துப் பார்ப்பது ஆசைதானே தவிர முட்டைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

நடுவில் முட்டையில் குழி விழுந்தால் படுகை காய்ந்திருக்கிறது. எடைக்கணக்குப்படி தண்ணீர் சேர்த்தால் இரண்டு, மூன்று நாளில் நிமிர்ந்துவிடும். மாறாக முட்டை அளவுக்கு மீறிப் புடைத்து, மேலே நீர்த்துளி நின்று, உறை கண்ணாடிபோல ஆனால் ஈரம் அதிகம். மூடியைச் சில மணிநேரம் திறந்து வைத்து, ஓரத்தில் காய்ந்த வெர்மிகுலைட் கொஞ்சம் சேருங்கள். பூஞ்சை பிடிப்பதை மட்டும் வைத்து முட்டை செத்துவிட்டது என்று சொல்லமுடியாது. காய்ந்த பஞ்சால் துடைத்து, தனி டப்பாவுக்கு, மேல்பக்கம் மாறாமல் மாற்றிவிடுங்கள். உயிருள்ள முட்டை பூஞ்சையைத் தாங்கும். செத்தது நாறி, நிறம் மாறி, தானே அமுங்கிவிடும்.

புத்தகங்களில் அதிகம் இல்லாத, நம் ஊரில் அதிகம் நடக்கும் சேதம் எறும்பு. குட்டி முட்டையைக் கிழிக்கும்போது கசியும் திரவத்தின் வாசனைக்குச் சின்னச் சிவப்பு எறும்புகள் குண்டூசித் துளைவழியே நுழைந்துவிடும், வெளியே வரக்கூட இயலாத குட்டியைக் கடித்தே கொன்றுவிடும். பெட்டி வைத்த மேசையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், மின்கம்பி தண்ணீரைத் தாண்டிச் சுவரைத் தொடும் இடத்தில் வாஸ்லின் தடவுங்கள். எறும்புக்குப் போடும் சாக்பீஸும் ஸ்பிரேயும் பக்கத்திலேயே கூடாது. பூச்சியைக் கொல்வது குட்டியையும் கொல்லும். குட்டி ஈக்கள் முட்டையிடாமல் இருக்கத் துளைகள்மேல் மெல்லிய துணி ஒட்டலாம்.

கிரெஸ்டட் கெக்கோ வைத்திருப்பவர்களுக்கு: அது நியூ கலிடோனியத் தீவின் குளிர்ந்த காடுகளைச் சேர்ந்தது, அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1994-ல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. முட்டைக்கு 22 முதல் 25 டிகிரி வேண்டும், பொரிய இரண்டு முதல் நாலு மாதம். 28-ஐத் தாண்டினால் குட்டி சீக்கிரம் வரும், ஆனால் சிறிதாக, பலவீனமாக வரும். இந்த ஊரில் வருடம் முழுக்கப் பெல்டியர் பெட்டி இல்லாமல் அதைத் தொடங்கவேண்டாம்.

பொரியும் நாட்கள்

கடைசி வாரத்தில் முட்டை வியர்த்து, சற்றே அமுங்கும். இந்தக் குழியைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள், இது காய்ந்த குழி அல்ல, குட்டி தயாராகிவிட்ட குழி. தேதியைக் குறித்துவைத்திருப்பதன் பயன் இங்கேதான். கெக்கோக் குட்டியின் மேல்தாடை நுனியில் ஜோடியாக முட்டைப்பல் இருக்கும். அதனால் உறையைக் கீறி, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு பல மணிநேரம் அப்படியே கிடக்கும். செத்துவிட்டதோ என்று இழுத்தால் இன்னும் உறிஞ்சப்படாத மஞ்சள் கருவின் பை கிழிந்து உண்மையிலேயே சாகும். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். கூடப்பிறந்த முட்டை பெரும்பாலும் ஓரிரு நாளுக்குள் பொரியும்.

வெளியே வந்த குட்டியின் வயிற்றில் மஞ்சள் கருவின் பை ஒட்டியிருந்தால் அது தானே உதிரும்வரை முட்டை டப்பாவிலேயே இருக்கட்டும். பிறகு ஈர டிஷ்யூ விரித்த சின்னப் பெட்டிக்கு மாற்றுங்கள், ஒரு பெட்டிக்கு ஒரு குட்டி, இல்லையேல் ஒன்று மற்றதன் வாலைக் கடிக்கும். மணல் போடவேண்டாம், விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். தண்ணீருக்கு பாட்டில் மூடி போதும். ஏறக்குறைய 3 கிராம் எடை இருக்கும். முதல் சில நாளில் தோலை உரித்துத் தானே தின்றுவிடும். அதற்கு முன் இரை கொடுத்தாலும் தொடாது, அதுவரை மஞ்சள் கருவின் சத்தே போதும். விரல்நுனிகளிலும் வால்முனையிலும் தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் ஊறவைத்து எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் அந்த விரல் ரத்த ஓட்டமிழந்து உதிரும்.

தோல் உரித்த பின், கண்ணுக்குக் கண் உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இல்லாத கிரிக்கெட் பூச்சி அல்லது சின்ன மீல்வார்ம், தினமும் நாலைந்து, கால்சியம் பொடி தூவி. மிஞ்சிய கிரிக்கெட்டை இரவில் பெட்டிக்குள் விட்டுவிட்டால் அது குட்டியைக் கடிக்கும். தோல் உரித்துப் பத்து நாளாகியும் ஒன்றையும் தொடாமல் வால் மெலிந்துகொண்டே போனால், பெட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏசி அறையில் வளரும் குட்டிகளுக்குச் செரிமானம் நின்றுபோவது பெரும்பாலும் அதனால்தான். சூடு சரியாக இருந்தும் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், எடைபோட்டு எழுதிய தாளையும் சேர்த்து.